பொங்கும்போதெல்லாம் வலம் வந்த வீடு

கோவில்பட்டி மேட்டுக் காலனியில் பி.டி. வாத்தியார் கோமதிநாயகத்தின் வீடு முதன்முதலாகத் திரும்பியபோது, வீட்டுக்காரி முப்பிடாதி ஒரு கையில் விளக்குமாறும் மறு கையில் வாளியுமாகக் கக்கூஸ் வாசலில் நின்று, பொங்கி வழிந்துகொண்டிருந்த தண்ணீரைப் பார்த்து, "ஒனக்கு நான் என்ன குறை வச்சேன்" என்று மனுஷரிடம் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் பதில் சொல்லவில்லை, வீடுதான் சொன்னது. அஸ்திவாரத்துக்குள்ளிருந்து ஓர் உறுமல் கிளம்பியது, அடுக்களையில் தம்ளர்கள் கிணுகிணுத்தன, சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடி நின்றது, அவ்வளவுதான். வாளியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தால், விடியக்காலம் படிக்கு நேராகப் போட்டிருந்த கோலம் ஒரு சாண் இடப்பக்கம் தள்ளிக் கிடந்தது. கோலம் நகராது, நகர்ந்தது வீடுதான் என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கியதும், இருக்கிற பாடு போதாதென்று இது வேறயா என்று நினைத்துக்கொண்டு, மிச்சத் தண்ணீரை அள்ள உள்ளே போய்விட்டாள்.

வீடு எந்தப் பக்கம் பார்த்தால் அவளுக்கென்ன. ஒரே மகள் சுபாஷிணி சாத்தூரில் புருஷன் வீட்டில் மாசமாக இருந்தாள். வளைகாப்புக்கு நாள் குறித்தாயிற்று. வளையல் அடுக்கிய கையோடு பிள்ளையைத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். அதற்காக முப்பிடாதி கருப்பட்டி வாங்கி அடுக்கி, சுக்கும் மிளகும் திப்பிலியும் இடித்துச் சலித்து, புருஷனுடைய பழைய வேட்டிகளைத் துவைத்துத் துவைத்துப் பூவாக்கி, தொட்டிலுக்கு இது, துடைக்க இது, சுற்றிப் படுக்கவைக்க இது என்று மடித்து வைத்து, வாசலைப் பார்த்தபடி காத்துக் கிடந்தாள். அந்த ஆசையில்தான் மண் விழுந்தது. போன மாதம் வந்திருந்த சம்பந்தியம்மா கக்கூஸுக்குப் போன இடத்தில் தண்ணீர் பொங்கி, கால் வழுக்கி, கதவுக் கொண்டியைப் பிடித்துத் தொங்கித் தப்பித்தாள். நல்ல மனுஷி, ஒரு சத்தம் போடவில்லை. சேலையைப் பிழிந்துகொண்டே பக்குவமாகத்தான் சொன்னாள்.

"மதினி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. பிள்ளைத்தாச்சிய இந்த வழுக்குத் தரையில விட எனக்கு மனசு வரல. கக்கூஸ சரி பண்ணுங்க, நானே கொண்டாந்து விடுதேன். இல்லன்னா பிரசவம் சாத்தூர்லயே நடக்கட்டும்."

அதில் ஒரு வார்த்தை தப்பு என்று சொல்ல முடியாது. அதனால்தான் முப்பிடாதிக்கு அழுகை அழுகையாக வந்தது.

இந்தக் கக்கூஸ் முன்னால் இந்த இடத்தில் இல்லை. காலனியில் வீடு கட்டும்போது கோமதிநாயகம் சாரும், கீழ்ப்பக்கத்து மனையில் கட்டிய டெய்லர் ஆவுடையம்மாளும், எதற்கு ஆளுக்கொரு குழி என்று பேசிவைத்து, இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே செப்டிக் டேங்க் தோண்டினார்கள். தரை கிழக்கே சரிவு, ஆகவே தொட்டி கிழக்கே ஆவுடை மனையில். லாரி வந்து குழாய் போட்டு உறிஞ்ச வசதியாகத் தெருப் பக்கமாக. சார் வீட்டுக் கக்கூஸோ வடகிழக்கு மூலையில், அந்தத் தொட்டியை எட்டித் தொடுகிற தூரத்தில். ஊற்றுகிற தண்ணீர் சொல்லாமல் கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வீட்டுப் பொம்பிளைகளும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று குழம்பு மாற்றிக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டு, சுபாஷிணிக்குப் பாவாடை சட்டை அளவெடுத்துக்கொண்டு, அப்படி ஒரு ஒட்டுதலாக இருந்தார்கள்.

பிறகு சுபாஷிணிக்கு வரன் தட்டிக்கொண்டே போனது. யாரோ சொல்லி வாஸ்துக்காரர் திருமலைக்குமார் வந்தார். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் தெருவிலேயே நின்று, "ஈசான மூலையில கக்கூஸ வச்சுக்கிட்டு மாப்பிள்ளை வரலைன்னா எப்படி வருவான்" என்று கேட்டார். கோமதிநாயகம் சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிக்கூட மைதானத்தில் பையன்களை விரட்டி விரட்டி அவர் குரல் எப்போதும் மைதானத்து அளவில்தான் இருக்கும். அந்தக் குரலில், தெரு முழுக்கக் கேட்கும்படி, ஆவுடையின் வாசலைப் பார்த்து, "ஒங்க தொட்டிதான் எம் பிள்ளை கல்யாணத்தை மறிச்சுக்கிட்டு கெடக்கு" என்று சொல்லிவிட்டார். ஆவுடை தையல் மிஷினில் மிதித்துக்கொண்டிருந்த காலை நிறுத்தி, முப்பிடாதியைப் பார்த்தாள். முப்பிடாதி தரையைப் பார்த்தாள். அன்றோடு பேச்சு நின்றது. கக்கூஸை இடித்து, வடமேற்கே வாயு மூலையில் கட்டி, அங்கேயே தனித் தொட்டியும் தோண்டி, நடுவில் ஆளுயரக் காம்பவுண்டுச் சுவரும் எழுப்பினார் சார். அந்த வருஷமே சாத்தூர் வரன் அமைந்துவிட்டதா, அதற்கப்புறம் அவரிடம் யார் என்ன பேச முடியும்.

ஆனால் வாஸ்து மனுஷனுக்குத்தான், தண்ணீருக்குக் கிடையாதே. சரிவு கிழக்கே இருக்க, குழாயை மேற்கே மேட்டுக்குப் பதித்தால் அது ஏறிப் போகவா செய்யும். கரிசல் மண்ணோ, ஒரு மழை குடித்தால் ஊதிக்கொண்டு சொட்டுத் தண்ணீரைக்கூட உள்ளே விடாது. கக்கூஸ் பொங்கியது. பிளம்பர் ஜெபராஜ் வந்து மூங்கில் சிம்பு விட்டுக் குத்தினார், ஆசிட் ஊற்றினார், ஸ்பிரிங் கம்பியைத் திருகித் திருகி விட்டார், குழாயைத் தோண்டி எடுத்து மறுபடி பதித்தார். ஒவ்வொரு தடவையும் கையைக் கழுவிக்கொண்டு, "இனிமே பிரச்சனையே கெடையாதுக்கா" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் சைக்கிள் தெருமுனை திரும்புவதற்குள் அது பொங்கியது. பழைய மூலைக்கே கொண்டுபோங்க என்று முப்பிடாதி வாயெடுத்தால், "மக வாழ்க்கையில விளையாடாதே" என்பார் சார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆகவே கக்கூஸை இடம் மாற்ற மனுஷர் ஒத்துக்கொள்ளாததால் வீடே அதை எடுத்துக்கொண்டு கிளம்பியது. இப்படித்தான் பின்னால் காலனியில் சொன்னார்கள். அது சரியோ என்னவோ, ஒவ்வொரு தடவை பொங்கும்போதும் வீடு ஒரு சாண் திரும்பியது, திரும்பியது திரும்பியபடி நின்றது, அடுத்த தடவை அங்கேயிருந்து மேற்கொண்டு திரும்பியது. வடக்குப் பார்த்த வாசல் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே நகர, முப்பிடாதி நாள்தோறும் வாசலுக்கு நேராகப் புதுக்கோலம் போட, பழைய கோலங்கள் அழியாமல் வரிசையாக வளைந்து கிடந்தன.

தெரு இதற்கு ரொம்ப அலட்டிக்கொள்ளவில்லை. கரிசல்காட்டில் வீடு கட்டியவர்கள் எதையெல்லாமோ பார்த்திருக்கிறார்கள். சுவர் பிளந்து பக்கத்து வீட்டு டி.வி. தெரிந்திருக்கிறது, ராத்திரி சாத்திய கதவு காலையில் திறக்காமல் ஜன்னல் வழியாகப் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள், அப்படியிருக்க ஒரு வீடு திரும்பினால்தான் என்ன. முதலில் வந்து சுற்றிப் பார்த்தவர் காலனித் தலைவர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்து, "வலமாத்தான் சுத்துது. இடமா சுத்துனாத்தான் யோசிக்கணும்" என்று தீர்ப்புச் சொன்னார். எல்லாருக்கும் நிம்மதியாகிவிட்டது.

அதற்கப்புறம் அவரவர் வேலையை அதற்குத் தக்கபடி மாற்றிக்கொண்டார்கள். லைன்மேன் வந்து, கரண்ட் வயரைத் தாராளமாகத் தொங்கவிட்டு, "முழுச் சுத்து சுத்துற ஐடியா இருந்தா முன்கூட்டிச் சொல்லிருங்க சார்" என்று கேட்டுக்கொண்டார். பால்காரர் வாசலைத் தேடாமல் கோலத்தைத் தேடி வந்தார். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் மட்டும் பழைய ஞாபகத்தில் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து ஜன்னலுக்கு நேரே நிறுத்திவிட்டு, அந்த ஜன்னலையே மணி அடிப்பதற்காகத் தடவிக்கொண்டிருப்பார். டி.வி. டிஷ் திசை தப்பிவிடுவதால் சார் ஒவ்வொரு தடவையும் மாடியேறித் திருப்பி வைக்க வேண்டியிருந்தது. சீரியலில் மருமகள் உண்மையைச் சொல்ல வாயைத் திறக்கிற நேரத்தில் பொங்கிவிட்டால், முப்பிடாதி கீழேயிருந்து "இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்" என்று சொல்லச் சொல்ல அவர் திருகிக்கொண்டிருப்பார்.

சாருக்கும் இதில் ஒரு பொறுப்பு வந்து சேர்ந்தது. சுடுகாப்பியோடு நிற்கிறவர்கள் மேல் சிந்திவிடக்கூடாது என்று, பிளஷ் இழுக்கும் முன் விசிலை எடுத்து நீளமாக ஒரு ஊது ஊதினார். விசில் கேட்டதும் தெரு கூடியது. பொம்பிளைகள் இடுப்புப் பிள்ளைகளோடு ஓடிவந்து சார் வீட்டுப் படியிலும் வராந்தாவிலும் நெருக்கியடித்து உட்கார, வீடு உறுமிக்கொண்டு ஒரு சாண் திரும்பும், எல்லாரும் ஒருசேர ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்து சிரிப்பார்கள். பொருட்காட்சி ராட்டினத்துக்கு இது தேவலை என்றார்கள், தலை சுற்றாது, சீட்டும் வாங்க வேண்டாம். அவசரக்காரர்கள் மத்தியானமே வந்து, "சாருக்கு இன்னைக்கு வயிறு எப்படி இருக்கு" என்று அக்கறையாக விசாரித்தார்கள். மூலைக் கடைக்காரர், வாசல் தன் கடையைப் பார்த்து நிற்கட்டும் என்று ஆசைப்பட்டு, சாருக்கு வாழைப்பழம் கொடுத்தனுப்பினார். பின்வீட்டுக்காரர்கள், அவர்கள் பக்கம் திரும்பும்வரை யாரும் எதையும் ரிப்பேர் பண்ணக்கூடாது என்று சண்டைக்கு வந்தார்கள். ஆக, ஊரே சந்தோஷமாக இருந்தது. முப்பிடாதி மட்டும் எல்லாரும் சிரித்துவிட்டுப் போன பிறகு உள்ளே போய், கணுக்கால் தண்ணீரில் நின்று, வாளியால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினாள். வளைகாப்பு நெருங்கிக்கொண்டிருந்தது.

வீடு பாதி திரும்பியபோது அதன் மூலை காம்பவுண்டுச் சுவரை முட்டியது. இடிக்கவில்லை, மாட்டை ஓரங்கட்டுகிற மாதிரி பதமாகத் தள்ளியது. சுவர் மேல்வரிசையிலிருந்து ஒவ்வொரு செங்கலாகக் கழன்று, ஆவுடையின் முற்றத்தில் போய், கொத்தனார் அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டது. ஆவுடை தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மூலை அவள் துணி காயப்போட்டிருந்த கொடிப் பக்கம் வந்தபோது, எழுந்து போய்க் கொடியை அவிழ்த்து நாலடி தள்ளிக் கட்டிவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

இப்படித் திரும்பித் திரும்பி, ஒருநாள் காலை முப்பிடாதி கதவைத் திறந்தபோது எதிரே தெரு இல்லை. ஆவுடையின் அடுக்களை ஜன்னல் இருந்தது. நடுவில் சுவர் இல்லை. ஜன்னலுக்குள் ஆவுடை வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். முப்பிடாதி நிலைப்படியில் கை வைத்தபடி இடப்பக்கம் எட்டிப் பார்த்தாள். கக்கூஸ் மூலை, மேற்கே இருந்த அதே கக்கூஸ் மூலை, வடகிழக்கே வந்து ஆவுடை மனையின் பழைய தொட்டிக்குப் பக்கத்தில், ஒரே ஒரு குழாய் நீளத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது.

இன்னொரு தடவை பொங்கினால் தாண்டிவிடும். உள்ளே ஓடி, கக்கூஸ் கதவைச் சாத்தி, பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகினாள். அப்போதுதான் துண்டோடு வந்த சார் திகைத்துப் போய் நின்றார்.

"என்னடி இது?"

"பூட்டியாச்சு. பள்ளிக்கூடத்துக்குப் போங்க."

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமை."

"வாட்ச்மேன் இருப்பாருல்ல, தெறந்துவிடச் சொல்லுங்க."

இத்தனை வருஷத்தில் அவள் அப்படி ஒரு குரலில் பேசி அவர் கேட்டதில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

முப்பிடாதி வாசலைத் தாண்டி, செங்கல் அடுக்கைத் தாண்டி, ஜன்னல் பக்கத்தில் போய் நின்றாள். வெங்காய வாசம் முகத்தில் அடித்தது. ஆவுடை நிமிரவில்லை.

"எக்கா."

கரண்டி சட்டியில் சுற்றிக்கொண்டே இருந்தது.

"எக்கா, சுபாவுக்கு வளைகாப்பு வருது. பிள்ளைய இங்கன கூட்டிட்டு வரணும். அந்தத் தொட்டியில எங்க குழாய மறுபடி சேத்துக்கிடணும். அதக் கேக்கத்தான் வந்தேன்."

ஆவுடை அடுப்பைத் தணித்தாள். "அன்னைக்கு ஒம் புருசன் தெருவுல நின்னு அப்படிச் சொன்னாரே. சொன்னது அவரு, அத விடு. நீ வாயில என்ன வச்சிருந்த?"

இந்தக் கேள்விக்கு முப்பிடாதி ஒரு பதிலையும் யோசித்து வைத்திருக்கவில்லை. அதனால் உள்ளதுதான் வந்தது.

"பயத்த வச்சிருந்தேன்க்கா. அவரு சொல்றது பொய்யின்னு எனக்குத் தெரியும். ஆனா ஒருவேளை நெசமா இருந்து, நான் ஒங்களுக்காகப் பேசப்போயி, அவளுக்கு வரனே அமையாமப் போயிட்டா என்ன செய்யன்னு பயம். கோழை மாதிரி தரையப் பாத்துக்கிட்டு நின்னேன். ஒங்கள விட்டுக் குடுத்துட்டேன். கல்யாண வீட்டுல அத்தன கூட்டத்துலயும் ஒங்களத்தான் தேடுச்சு எனக்கு."

ஆவுடை வெங்காயத்தை இன்னொரு கிளறு கிளறினாள். பிறகு, "ஜாக்கெட் யாரு தச்சது?" என்று கேட்டாள்.

"ரெடிமேடு."

"நெனச்சேன். போட்டோவுல பாத்தேன். அக்குள் பிடிச்சு, பிள்ளை மாலையத் தூக்கவே கையக் கெஞ்சுது. அந்த ஜாக்கெட்டப் பாத்து நான் மூணு நாள் தூங்கல, முப்பிடாதி. எம் மேல கோவம்னா என்கிட்ட காட்டணும், பிள்ளை அக்குள்லயா காட்டுறது?"

முப்பிடாதிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் செய்தாள். ஆவுடையும் மூக்கை உறிஞ்சினாள், வெங்காயம் என்று சொல்லிக்கொண்டாள்.

"குழாயச் சேத்துக்கோ. ஆனா ஒண்ணு. எந்தத் தெருவுல, எந்தச் சத்தத்துல சொன்னாரோ, அதே தெருவுல, அதே சத்தத்துல ஒம் புருசன் வந்து சொல்லணும், எந் தொட்டி மேல குத்தம் இல்லன்னு."

இதுதான் மலையாக நின்றது. கோமதிநாயகம் சார் கெட்டவர் இல்லை. ஆனால் கக்கூஸ் மறுபடி ஈசான மூலைக்கு வந்துவிட்டது என்று கேட்டதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இன்னும் பொங்க விடு, சுத்தி முடிச்சுப் பழைய எடத்துக்கே போயிரும், மக நல்லா இருக்கணும்ல" என்று கெஞ்சினார். அவருக்கும் பயம்தான், அதே பயம்தான். முப்பிடாதிக்கு அது புரிந்தது. சாவியை மட்டும் கொடுக்கவில்லை. காலனியில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் சாருக்கும் அவளுக்கும் கக்கூஸ் திறந்துவிட்டார்கள். சில வீடுகளில் சாருக்கென்று புதுச் சோப்பு வாங்கி வைத்தார்கள். மூலைக் கடைக்காரர் மட்டும், இனி திரும்பாதாமே என்ற வருத்தத்தில், வாழைப்பழத்தை நிறுத்திவிட்டார்.

கடைசியில் திருமலைக்குமாரையே கூட்டி வந்தார்கள். இந்தத் தடவை அவர் செருப்பைக் கழற்றினார். தெருவே கூடி நின்றது. திசைகாட்டியைக் கையில் வைத்து வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தவருக்கு வேர்த்துக் கொட்டியது. ஈசானத்தில் கூடாது என்றால் வீட்டையே நகர்த்திக் கொண்டுவந்து வைத்தது யார் என்று கேட்பார்கள். கூடும் என்றால் அன்றைக்கு ஏன் இடிக்கச் சொன்னாய் என்று கேட்பார்கள். "நான் உள்ள போய்ப் பாக்கணும்" என்று சொல்லி வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். முப்பிடாதி ஒரு தம்ளர் மோரைக் கையில் வைத்துக்கொண்டு, வெளியே வந்தால் இது குடிக்கவா மூஞ்சியில் ஊற்றவா என்று முடிவு பண்ண முடியாமல் நின்றாள்.

வெளியே வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

"சார், சாஸ்திரத்த வீட்டுக்குள்ள நின்னு பாக்கணும். வாசலப் பாத்து நின்னா முன்னாடி கக்கூஸ் எந்தக் கைப்பக்கம்?"

"இடது கை" என்றார் சார்.

"இப்போ?"

சார் உள்ளே போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். "இப்பவும் இடது கைதான்."

"அப்ப வீட்டுக்கு அது வாயு மூலைதான். மாறவே இல்ல. பூமிக்கு அது என்ன மூலைங்கிறத பூமி பாத்துக்கிடும்."

மோரைக் குடிக்கக் கொடுத்தாள்.

சார் ஆவுடையின் வாசலைப் பார்த்தார், கலைந்து போகாமல் நின்ற தெருவைப் பார்த்தார், முப்பிடாதியின் இடுப்பில் செருகியிருந்த சாவியைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து விசிலை எடுத்து நீளமாக ஊதினார். பழக்கதோஷத்தில் பொம்பிளைகள் வராந்தாவுக்கு ஓடி உட்கார்ந்துகொண்டார்கள். சார் தெரு நடுவில் போய், குதிகால்கள் இரண்டையும் சேர்த்து, கொடிக்கம்பத்துக்கு முன் நிற்பதுபோல விறைப்பாக நின்று, மைதானத்துக் குரலில் சொன்னார்.

"எல்லாரும் கவனிங்க. ஆவுடையம்மா தொட்டி மேல நான் சொன்ன குத்தம் தப்பு. அது நல்ல தொட்டி. அத்தன வருசம் ரெண்டு வீட்டையும் தாங்கின தொட்டி. எம் புத்திதான் அடைச்சுக் கெடந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, குரல் இறங்கி, "மன்னிச்சிரும்மா" என்றார். அது தெருவுக்குக் கேட்கவில்லை, ஆவுடைக்குக் கேட்டது.

"சரி சரி, வெயில்ல நிக்காதீங்க" என்றாள் ஆவுடை.

ஜெபராஜ் வந்தார். வளைகாப்புக்கு முப்பிடாதி புறப்பட்டுக்கொண்டிருந்த அதே காலையில்தான் அவருக்கு நேரம் கிடைத்தது. தொட்டிக்கும் கக்கூஸுக்கும் நடுவில் ஒரே ஒரு குழாயைச் சரிவாகப் பதித்து, சிமெண்டு பூசி, "காயட்டும், இப்ப தண்ணி ஊத்திப் பாக்க வேண்டாம், இனிமே பிரச்சனையே கெடையாதுக்கா" என்றார். அவர் வாயால் அதைக் கேட்டதும் முப்பிடாதிக்கு இருந்த நம்பிக்கையும் போனது. சாவியைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினாள்.

சாத்தூரில் வளையல் அடுக்கினார்கள், சந்தனம் பூசினார்கள், தட்டுத் தட்டாகச் சோறு மாற்றினார்கள். சிவந்து நின்ற மகளைப் பார்த்துப் பார்த்து முப்பிடாதி கண்ணேறு கழித்தாள். ஆனால் காதில் ஓடிக்கொண்டிருந்தது தண்ணீர்தான். போகுமா, பொங்குமா. திரும்பி வரும்போது சம்பந்தியம்மாவும் கூடவே காரில் ஏறினாள். "கொண்டாந்து விடுதேன்னு சொன்னேன்ல மதினி" என்றாள் சிரித்தபடி. நல்ல மனுஷி, ஆனால் பார்க்காமல் விடமாட்டாள் என்று முப்பிடாதிக்குத் தெரியும்.

சாயங்கால வெயிலில் கார் காலனிக்குள் நுழைந்தது. சொந்த கேட்டில் இறங்கினால் கக்கூஸ் சுவர்தான் எதிர்ப்படும், வாசலுக்குப் போக வேண்டுமானால் ஆவுடையின் கேட்டு வழியாகத்தான் போக வேண்டும். அங்கே ஆவுடை, மஞ்சள் சேலை கட்டி, ஆரத்தித் தட்டில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் தெருவே நின்றது. கோமதிநாயகம் சார் ஓரமாக நின்று விசிலைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். சுபாஷிணி இறங்கினாள். ஆவுடையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது, "அத்தே" என்றாள், ஒரு எட்டு எடுத்து வைத்தாள், உடனே முகம் சுருங்கியது.

"அத்தே, ஆரத்தியெல்லாம் பெறவு. சாத்தூர்லருந்து அடக்கிக்கிட்டு வாரேன். மொதல்ல கக்கூஸ் எங்க?"

ஆவுடை தட்டை ஒதுக்கி வழிவிட்டாள். தெரு இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. இரண்டு கை நிறைய வளையல் குலுங்க, இடுப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, பிள்ளைத்தாச்சி முற்றத்தைக் கடந்து வீட்டுக்குள் போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

இடுப்புப் பிள்ளைகள்கூட வாயில் விரலை வைத்துக்கொண்டு சும்மா இருந்தன. பூச்சு காய்ந்துவிட்டதா என்று பார்க்க வந்திருந்த ஜெபராஜ், சைக்கிளில் ஏறப் போனவர் ஒரு கால் தரையில் ஊன்றியபடி நின்றார். சம்பந்தியம்மா முப்பிடாதியின் கையை ஏன் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது, பிடித்திருந்தாள். முப்பிடாதி தாயே தாயே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

உள்ளே பிளஷ் இழுக்கிற சத்தம் வந்தது.

தண்ணீர் விழுந்தது. சுழன்றது. சுழன்று கொஞ்சம் தயங்கியது. தயங்கி, பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சரிவில் இறங்கி, புதுக்குழாய் வழியே எல்லார் காலுக்கும் அடியில் குடுகுடுவென்று ஓடி, ஆவுடை வீட்டுத் தொட்டியில் போய் விழுந்தது. வீடு உறுமவில்லை. ஒரு விரல்கடைகூட அசையவில்லை.

ஆவுடைதான் முதலில் தொடங்கினாள், ஆரத்தித் தட்டைக் கையில் ஏந்தியபடியே நாக்கைச் சுழற்றி ஒரு குலவை. அடுத்த வீட்டுக்காரி சேர்ந்துகொண்டாள், அதற்கடுத்தவள் சேர்ந்துகொண்டாள், சம்பந்தியம்மா முப்பிடாதியின் கையை விடாமலே குலவையிட்டாள், மேட்டுக் காலனி முழுக்கக் குலவைச் சத்தம் எழுந்து, அடுத்த தெருக்காரர்கள் பிரசவமே ஆகிவிட்டதோ என்று ஓடி வந்தார்கள்.

சுபாஷிணி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்து, ஊரே கூடிக் குலவையிடுவதைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

முப்பிடாதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகளின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்தாள்.

"ஒண்ணுமில்ல தாயி. தண்ணி போயிருச்சு."